காலிக் கூட்டின் ரசிகர்கள்

அத்தியாயம் 6

"உளவாளி கிடைச்சாச்சு," என்றார் டாக்டர் ஹாஸல்பெக். ஊரெல்லாம் தேடிய குடை தன் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்ததைக் கண்டவரின் திருப்தி அவர் குரலில் இருந்தது. "நீங்க அடுத்த ரயில்லயே திரும்பிடலாம் மேடம். வீணா அலைய வெச்சதுக்கு மன்னிக்கணும்."

ஒர்தான்ஸ் ஸ்டாஸார் மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். திரும்பிப் போகிறவர் செய்கிற காரியம் இல்லை அது. பக்கத்தில் நின்ற பசிலுக்குப் பசித்தது. விடியலில் ப்ரஸ்ஸல்ஸில் ரயிலேறியபோது குடித்த காப்பிக்குப் பிறகு அவன் வாயில் எதுவும் படவில்லை.

ஒர்தான்ஸ் பல வருஷம் சுங்கத்துறையில் இருந்தவர். வைரம் கடத்துகிறவன் எந்தச் செருப்பைப் போட்டிருப்பான் என்று நடையை வைத்தே சொல்லக்கூடியவர். ஓய்வுக்குப் பிறகு, போலீஸுக்குப் போனால் பத்திரிகைக்கும் போய்விடும் என்கிற மாதிரி வழக்குகள் அவரிடம் வந்தன. பசில் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் வானொலியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியவன். அந்த நிகழ்ச்சி நின்றுபோனதற்குக் காரணம் அதிலிருந்த நகைச்சுவைதான் என்று ஒர்தான்ஸ் சொல்வதுண்டு.

"யாரு அந்த உளவாளி?"

"ரஸ்மா ப்ரீடே. லாத்வியாவுலேர்ந்து வந்த பொண்ணு. படம் பாத்துச் சொல்றதுல கெட்டிக்காரி. அதான் இன்னும் வருத்தம்."

ஆர்தென் மலைக்காடுகளுக்கு நடுவே, மார்லூ என்ற ஊரின் விளிம்பில் இருந்தது ஹாஸல்பெக் தலைவராக இருந்த அந்த மையம். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வானத்தில் ஏற்றிவைத்த செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இங்கேதான் வந்து இறங்கும். கிழக்கே ஒரு துறைமுகத்தில் கொடியில்லாத கப்பல்கள் சில ஒதுங்குவதாகத் தகவல். அவை கடலுக்குள் இறங்கும் நாட்களிலெல்லாம் பால்டிக் கடலடியில் ஏதாவது ஒரு கேபிள் அறுந்துபோனது. ஆனால் அந்தக் கப்பல்களை ஒரு படத்தில்கூடத் தெளிவாகப் பிடிக்க முடியவில்லை.

"வானத்துல நமக்குக் கண்ணு நிறைய இருக்கு," என்றார் ஹாஸல்பெக். "எல்லாம் எப்பவும் திறந்திருக்காது. எதை எப்போ திறக்கணும்னு தினம் காலையில நாங்க முடிவு பண்றோம். படம் எடுக்கறவரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது, அந்த நேரமும் இந்தக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது. ஆனா தாண்டுது. ரெண்டு மாசமா நாம கண்ணைத் திறந்தா துறைமுகம் துடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருக்கு. ஒரே ஒரு நாள் மட்டும் கப்பல்கள் தெரிஞ்சுது. அதுவும் மேகத்துக்கு நடுவுல, பேர் தெரியாத அளவுக்கு. அன்னிக்கு ரஸ்மா லீவு."

"எதுக்கு லீவு?" என்றார் ஒர்தான்ஸ்.

"பல்லு பிடுங்கணுமாம். பல்லு பிடுங்கிக்கறது யாரு வேணா செய்யலாம்."

"நான் வலிச்சாதான் செய்வேன் சார்," என்றான் பசில்.

ஹாஸல்பெக் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒர்தான்ஸிடம் திரும்பினார். "இன்னொண்ணும் இருக்கு. வேலை முடிஞ்சதும் நாங்க எல்லாரும் ஒண்ணா வெளிய போய் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுவோம். அந்தப் பொண்ணு மட்டும் வரவே வராது. ஒரு நாள்கூட. தனியா உக்காந்து என்ன பண்ணுது? ப்ரஸ்ஸல்ஸ்லேர்ந்து சாயங்காலத்துக்குள்ள கார் வருது. கூட்டிட்டுப் போயிடுவாங்க."

வியாழக்கிழமை ப்ரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடுகிறார்கள் என்பது பசிலுக்கும் தெரியும். விண்வெளிப் படங்களை எல்லா உறுப்பு நாடுகளும் சரிசமமாகப் பார்க்கலாமா, அல்லது பெரிய நாடுகள் பார்த்துவிட்டுச் சின்ன நாடுகளுக்கு வேண்டியதை மட்டும் சொன்னால் போதுமா என்று அங்கே ஓட்டெடுப்பு. லாத்வியப் பெண் உளவாளி என்று முடிவானால் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். எதிராளியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் இருக்கிற நாடுகள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"அந்தப் பொண்ணப் பாக்கலாமா?" என்றார் ஒர்தான்ஸ்.

*

ரஸ்மாவை உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறையில் பூட்டியிருந்தார்கள். முப்பதைத் தாண்டிய, சிவந்த மூக்குள்ள பெண். அழுததால் சிவந்ததா குளிரில் சிவந்ததா என்று சொல்ல முடியவில்லை. மடியில் ஒரு டப்பா. கறுப்பு ரொட்டி, ஊறவைத்த மீன். அதன் வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. பசில் ஜன்னலைத் தேடினான். ஜன்னல் இல்லை.

"நீங்க ஏன் மத்தவங்களோட வறுவல் சாப்பிடப் போறதில்ல?" என்று ஒர்தான்ஸ் கேட்டார்.

"எனக்கு எண்ணெய் ஒத்துக்காது. இதையேதான் அவரும் காலையிலேர்ந்து கேக்கறாரு. வறுவல் தின்னலன்னா ஜெயிலா? எங்க ஊர்ல அப்படி ஒரு சட்டம் இல்ல மேடம்."

"இந்த மீன் வாசனைக்குச் சட்டம் இருக்கணும்," என்று பசில் முணுமுணுத்தான்.

ரஸ்மா அவனை முறைத்தாள். பிறகு குரல் தணிந்தது. "என் தம்பி கேபிள் ரிப்பேர் பண்ற கப்பல்ல வேலை பாக்கறான். அறுந்த இடத்துக்கெல்லாம் அவனத்தான் அனுப்புவாங்க. புயலோ பனியோ, போயே ஆகணும். போன தடவை பக்கத்துல ஒரு கப்பல் வெளிச்சம் இல்லாம வந்து இடிக்கப் பாத்துச்சாம். அறுக்கறவங்களுக்கு நானே நேரம் சொல்லிக் குடுப்பேனா?"

ஒர்தான்ஸ் இருந்ததில் நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க லீவு போட்ட அன்னிக்கு வேற யாரெல்லாம் வரல?"

"நான்தான் வரலையே. எனக்கெப்படித் தெரியும்?"

"ஞாயமான பதில்," என்று ஒர்தான்ஸ் வெளியே வந்தார். பசிலிடம், "பொய் சொல்ற ஆளா இருந்தா ஒரு பேரையாவது சொல்லியிருக்கும். வா," என்றார்.

அதே கேள்வியை வாசல் காவலாளியிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"அந்த நாளா? மறக்க முடியுமா? ரஸ்மா தவிர எல்லாரும் வந்தாங்க. ஆனா ஒருத்தர ஒருத்தர் கடிச்சுத் தின்னற மாதிரி இருந்தாங்க. லெயோவோட வறுவல் கடை மூடியிருந்துச்சு மேடம். அவரு பொண்ணுக்குக் கல்யாணம். பிஸ்கெட் மெஷின உதைச்சு உடைச்சதும் அன்னிக்குத்தான். யாருன்னு நான் சொல்லமாட்டேன். ஹாஸல்பெக் ஐயா தப்பா நினைப்பாரு."

ஒர்தான்ஸின் நடை மெதுவானது. மூளை வேகமாக ஓடும்போது அவருடைய கால்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

"பசில், அன்னிக்கு லீவு போட்டது ரெண்டு பேரு."

"ஒண்ணு ரஸ்மா. இன்னொண்ணு?"

"உருளைக்கிழங்கு."

"கைது பண்ண நான் தயார் மேடம்," என்றான் பசில். "எத்தனை பொட்டலம்?"

*

லெயோவின் வறுவல் வண்டி மார்லூவின் சதுக்கத்தில், நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே நின்றது. லெயோ அகலமான மனிதர். வண்டியின் ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு மேலே வறுவல் பொட்டலத்தின் வடிவில் மரத்தில் செய்த ஒரு கடிகாரம், சதுக்கத்தின் அந்தக் கோடியிலிருந்தும் தெரிகிற அளவுக்குப் பெரியது. முட்கள் இரண்டு மணியில் நின்றன. சர்ச் மணிக்கூண்டோ இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை.

"உங்க கடிகாரம் ஓடலையே," என்றார் ஒர்தான்ஸ்.

"அது ஓடாது மேடம். கையாலதான் திருப்பணும். மையத்துக்காரங்க எத்தனை மணிக்குக் கூட்டமா வருவாங்கன்னு காட்டறதுக்கு வெச்சிருக்கேன். ஊர்க்காரங்க அதப் பாத்து முன்னாடியே வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. இல்லன்னா வரிசை சர்ச் வரைக்கும் நிக்கும். ஒரு நாளு ஒரு மணி, ஒரு நாளு மூணு மணின்னு அவங்க நேரம் தினமும் மாறும்."

பசிலின் கையிலிருந்த வறுவல் துண்டு பாதி வழியில் நின்றது.

"அந்த நேரத்த உங்களுக்கு யாரு சொல்லுவாங்க?" ஒர்தான்ஸ் வானிலையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

"ஹாஸல்பெக் ஐயாதான். தினமும் காலையில போன் பண்ணிடுவாரு. ஒழுங்கான மனுஷன். வந்து நின்ன உடனே சூடா இருக்கணும் அவருக்கு."

பசில் ஒர்தான்ஸைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். "மேடம், கண்ணு திறக்கறவரைக்கும் ஒருத்தரும் கட்டடத்த விட்டு வெளிய வரக் கூடாது. வேலை முடிஞ்ச மறுநிமிஷம் எல்லாரும் இங்க. அப்போ இந்தக் கடிகாரம் காட்டறது..."

"ஐரோப்பாவோட ராணுவ ரகசியம். மயோனைஸோட."

"நேரம் மட்டும் தெரிஞ்சா போதுமா?"

"அந்த நேரத்துல எந்தக் கண்ணு எந்தக் கடலுக்கு மேல இருக்கும்ங்கறத கணக்குப் போட்டுடலாம். அதுல ரகசியமே இல்ல. எப்போ திறக்கும்ங்கறதுதான் ரகசியம்."

"அப்போ லெயோதான் உளவாளி. பாத்தாலே தெரியுது. இவ்வளவு நல்லா வறுக்கறவன் வேற ஏதோ தொழில் பண்றான்னு அர்த்தம்."

"உளவாளியா இருந்தா போன்ல சொல்லிட்டுப் போயிடுவாரு. இவ்ளோ பெரிய கடிகாரம் எதுக்கு மாட்டணும்? யாரோ இதப் பாக்கறாங்க பசில். எங்கேர்ந்துன்னுதான் தெரியல."

இருவரும் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். சந்தேகப்படும்படி நின்றது ஒரு நாய் மட்டும்தான். அதன் சந்தேகமும் பசிலின் பொட்டலத்தின் மேல்தான் இருந்தது. சதுக்கத்தைப் பார்த்த ஜன்னல்கள் பாதிக்குமேல் பலகை அடித்தவை. மிச்சமிருந்தவற்றில் லேஸ் திரை.

பசில் வண்டிக்கே திரும்பி இன்னொரு பொட்டலம் வாங்கினான். வண்டிக்குள்ளே எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கூரை, அதன்மேல் ஒரு பெரிய குச்சிக் கூடு. கூட்டில் யாருமில்லை. கூட்டுக்கு இடப்புறம், கீழே, ஒருவன் தலையைப் பொட்டலத்துக்குள் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டான் பசில். "அந்த ஆளு என்ன இப்படி அசிங்கமா சாப்பிடறான்?"

"நாரைக் கூடு தம்பி. நகராட்சிக் கூரைமேல இருக்கு. கேமரா வெச்சு உலகம் பூரா காட்டறாங்க. நாரை பறந்து ரெண்டு மாசம் ஆச்சு. எனக்குத்தான் அணைக்க மனசு வரல."

பசில் வாயைத் துடைத்தான். திரையில் இருந்தவனும் துடைத்தான். பசில் கையைத் தூக்கினான். திரையில் இருந்தவனும் தூக்கினான். அவன் தலைக்கு மேலே, மூக்கும் முழியுமாக, இரண்டு மணி காட்டிக்கொண்டு மரக் கடிகாரம் தெரிந்தது.

"மேடம்," என்றான் பசில், கையை இறக்காமலேயே. "கொஞ்சம் வர்றீங்களா? நான் டிவில வர்றேன்."

*

நகராட்சியில் அந்தக் கேமராவைக் கவனித்துக்கொண்டவர் மதாம் பெர்த் என்ற குண்டான, சந்தோஷமான பெண்மணி. நாரையைப் பற்றி விசாரிக்க ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ஆள் வந்திருப்பதில் அவருக்குக் கன்னம் சிவந்துவிட்டது.

"ஜனங்க நினைக்கறாங்க, நாரை போனா ரசிகர்களும் போயிடுவாங்கன்னு. இல்லவே இல்ல மேடம். ஊர்க்காரங்க நிறுத்திட்டாங்க, வாஸ்தவம்தான். ஆனா வெளிநாட்டுல சில பேரு இருக்காங்க, தினமும் காலையில தவறாம வந்துடுவாங்க. காலிக் கூட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. என்ன ஒரு பாசம்."

"எந்த நாட்டுக்காரங்க?" என்றார் ஒர்தான்ஸ்.

மதாம் பெர்த் சொன்ன நாடு, அந்தத் துறைமுகம் இருக்கிற நாடு.

"ரொம்ப மரியாதையானவங்க," என்று அவர் தொடர்ந்தார். "நாரை கிளம்பின சமயத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டாரு. கேமராவ இடது பக்கம் கொஞ்சம் திருப்பினா வெளிச்சம் நல்லா விழும், நாரை திரும்பி வர்றப்போ அழகா இருக்கும்னு. உடனே திருப்பிட்டேன். நாரை வசந்தத்துலதான் வரும். ஆனாலும் இப்பவே தயாரா இருக்கறது நல்லதுதானே?"

"மிக நல்லது," என்றார் ஒர்தான்ஸ். "உங்க தொலைபேசிய ஒரு நிமிஷம் குடுங்க."

"கேமராவ நிறுத்தச் சொல்லப் போறீங்களா மேடம்?" என்று பசில் காதருகே கேட்டான்.

"நிறுத்தினா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அதுவுமில்லாம, ரஸ்மா மேல விழுந்த பழி அப்படியே இருக்கும். கடிகாரக் கதைய யாரு நம்புவாங்க? நானே பாதிதான் நம்பறேன்." அவர் லெயோவின் எண்ணைச் சுழற்றினார். "லெயோ, மையத்துக்காரங்க இன்னிக்கு லேட்டு. முள்ள அஞ்சு மணிக்குத் திருப்பிடுங்க. ஆமா, அஞ்சு. ஹாஸல்பெக் ஐயாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

*

ஹாஸல்பெக் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். பாதியில் கோபப்பட்டார். "என் போன் பாதுகாப்பான போன்," என்றார். "யாராலயும் ஒட்டுக் கேக்க முடியாது."

"யாரும் ஒட்டுக் கேக்கல சார்," என்றான் பசில். "நீங்க சொன்னத லெயோ மரத்துல எழுதி மாட்டினாரு."

ஹாஸல்பெக் உட்கார்ந்தார். அவர் மேஜைமேல் கொஞ்சம் கடுகுச் சாஸ் சிந்திக் காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பசில் இன்னொரு வேடிக்கையைத் தயார் செய்து வைத்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

"நான் இந்த மையத்துக்கு ரெண்டு கதவு, மூணு வேலி போட்டேன்," என்றார் ஹாஸல்பெக் கடைசியில். "எவ்வளவு சண்டை போட்டு வாங்கினேன் தெரியுமா?"

"தெரியும். இப்போ நான் கேக்கறது சின்ன விஷயம். கண்ண நீங்க முடிவு பண்ணின நேரத்துலயே திறங்க. அதுவரைக்கும் யாரும் லெயோ பக்கம் தலைகாட்டக் கூடாது. அஞ்சு மணிவரைக்கும் நமக்கு ஆபத்தில்லன்னு அவங்க நினைச்சுட்டிருப்பாங்க. படத்துல கப்பல் இல்லன்னா, நான் ரயிலுக்குப் போயிடறேன்."

"கப்பல் இருந்தா?"

"நீங்களே போய் ரஸ்மாவப் பூட்டின கதவத் திறக்கணும்."

அந்தப் பகல் அந்தக் கட்டடத்தில் நத்தை போல நகர்ந்தது. ஹாஸல்பெக் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். ஒர்தான்ஸ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்பது பசிலுக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடாத விஷயம். கடைசியில் படம் இறங்க ஆரம்பித்தபோது பெரிய திரையின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். மேலிருந்து கீழாக, கோடு கோடாகக் கடல் வந்தது. கரை வந்தது. கிடங்கின் கூரைகள் வந்தன. பிறகு கப்பல்துறை வந்தது. நான்கு கப்பல்கள், வெயிலில் முதுகு காயப்போட்ட எருமைகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தார்ப்பாய்கூடப் போர்த்தவில்லை. மேல்தளத்தில் ஆட்கள் தெரிந்தார்கள்.

ஒரு ஆள் மெதுவாக, "இதுல கேபிள் அறுக்கறது எது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட படத்தைப் படித்துச் சொல்கிற ஆள் உடைந்த நாற்காலிகளோடு பூட்டிக்கிடந்தாள்.

ஹாஸல்பெக் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். பசில் பின்னாலேயே போனான். அவரே பூட்டைத் திறந்தார்.

"படம் வந்திருக்கு," என்றார் ஹாஸல்பெக். "நீங்க வந்து பாக்கணும்."

ரஸ்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "உளவாளிகிட்டயா காட்டப் போறீங்க?"

"நான் தப்புப் பண்ணிட்டேன். நேரத்த வெளிய சொன்னது நான்தான். தெரியாம சொன்னேன். ஆனா சொன்னது நான்."

"இத இங்க சொன்னா போதாது. எல்லார் முன்னாடியும் சொல்லணும். காலையில என்னை இழுத்துட்டு வந்தப்போ எல்லாரும் பாத்துட்டுதானே நின்னாங்க."

அவர் தலையாட்டினார். பெரிய திரையின் முன்னால், எல்லோருக்கும் கேட்கிற குரலில், ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னார். வறுவல் விஷயத்தையும் சேர்த்து. சொல்லி முடித்தபோது அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் உடையவில்லை. பசிலுக்கு அந்த மனிதரை முதல்முறையாகக் கொஞ்சம் பிடித்தது.

ரஸ்மா திரைக்கு அருகே போனாள். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்கு. "மூணாவது," என்றாள். "பின்பக்கம் பாருங்க. அந்த அளவுக் கப்பலுக்கு இவ்ளோ பெரிய நங்கூரம் தேவையே இல்ல. அதக் கடல் தரையில இழுத்துட்டே போனா வழியில இருக்கறதெல்லாம் அறுந்துடும். பேர அழிச்சிருக்காங்க. ஆனா பெயிண்ட் சரியா மூடல, பழைய எழுத்து தெரியுது." அவள் ஹாஸல்பெக்கிடம் திரும்பினாள். "இதத் தம்பியோட ஆபீசுக்கு உடனே அனுப்பலாமா?"

"இப்பவே அனுப்புங்க," என்றார் ஹாஸல்பெக்.

*

ப்ரஸ்ஸல்ஸ் கார் வெளிச்சம் மங்கும் முன்னால் வந்து சேர்ந்தது. இறங்கிய அதிகாரி மெலிந்த, களைத்த மனிதர். மலைப்பாதையில் வாந்தி எடுத்ததாக டிரைவர் சொன்னார்.

"எங்க அந்த ஆளு?" என்றார் அதிகாரி. "பின் சீட்டுல உக்கார வெச்சிடுங்க."

ஹாஸல்பெக் கோட்டு போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அவராகவே காரின் கதவைத் திறந்தார். ஒர்தான்ஸ் அதை மூடினார்.

"யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம்," என்று அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். அதிகாரி படத்தைப் பார்த்தார். ரஸ்மாவைப் பார்த்தார். அவளிடம் சில கேள்விகள் கேட்டார். அவள் சொன்ன பதில்களைக் கேட்கக் கேட்க அவருடைய களைப்பு குறைந்தது.

"வியாழக்கிழமை இந்தப் படத்தோட நான் உள்ள போனா, சின்ன நாடுங்கள ஒதுக்கி வைக்கணும்னு யாரும் வாயத் திறக்கமாட்டாங்க," என்றார். "எடுத்துச் சொன்னதே லாத்வியாக்காரங்கதானே. அது முடிஞ்ச மாதிரிதான். சரி மேடம், இனிமே இப்படி நடக்காம இருக்க நாங்க என்ன செய்யணும்? சட்டம் மாத்தணுமா? புது சேட்டலைட் விடணுமா? சொல்லுங்க, பண்ணிடலாம்."

"ஜனங்க பசியோட வெளிய ஓடறதாலதான் வந்த வினை," என்றார் ஒர்தான்ஸ். "கட்டடத்துக்குள்ளயே ஒரு சமையலறை வைங்க. ஒரு சமையல்காரரப் போடுங்க. போதும்."

அதிகாரியின் முகம் மெல்ல மாறியது. "சமையல்காரரா?"

"ஒரே ஒருத்தர்."

"எந்த நாட்டுக்காரர்?"

பசில் வாயைத் திறந்தான். ஒர்தான்ஸின் கை அவன் முழங்கையை அழுத்தியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரி கார் கதவைப் பிடித்தபடி நின்று யோசித்தார். இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று அவருடைய உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. கிரீஸ் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"படங்கள எல்லா நாடும் பகிர்ந்துக்கும், அதுக்கு நான் பொறுப்பு," என்றார். "தேவைப்பட்டா கூட்டுப்படைகூட அமைச்சிடலாம். சமையலறைக்கு நான் பொறுப்பில்ல மேடம்."

சொல்லிவிட்டுக் காலியான பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.